பிணத்துக்கும் வெயில் சுடும்!

நிழலின் விலை மூன்று ரூபா ஐம்பது சதம்!

கடைக்காரன் நாலு ரூபா என்றுதான் சொன்னான். தம்பிராசா முதலாளி ஐம்பது சதத்தை அடித்துக் குறைத்தார். வாங்கியது ஓர் ஆமைப்பூட்டு. அதைக் கொண்டுபோய் நாகமுத்தர் மடத்துக் கதவில் மாட்டினார்.

கிளிக்!

அவ்வளவுதான். மடத்துக்குள் இருந்த நிழல், நடு முற்றத்துக் கிணறு, குளிர்ந்த சீமெந்துத் தரை... எல்லாம் ஒரே பூட்டில் அவர் வசம்!

வழிப்போக்கரும் வீடு வாசல் இல்லாதவரும் ஒதுங்கவென்று அந்தக் காலத்தில் ஒரு புண்ணியவான் கட்டிவைத்த மடம் அது. நெடும்புளியடிப் பிள்ளையார் கோயிலின் தெற்கு வீதி ஓரத்தில் நிற்கிறது. கோயிலுக்கும் மடத்துக்கும் மனேச்சர் ஒருவரே. சுருட்டு முதலாளி தம்பிராசா.

பூட்டு விழுந்தது தைப்பொங்கல் முடிந்த கையோடு. அப்போது குளிர்காற்று. மடத்தில் கிடந்தவர்கள் வெளிச்சுவரோரம் சாக்கை விரித்துக்கொண்டு சமாளித்தார்கள்.

இப்போது சித்திரை!

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டின் சித்திரை. காகம்கூடப் பறக்கப் பஞ்சிப்பட்டு நடந்து திரிந்தது. தார் ரோட்டில் செருப்பை விட்டவன், திரும்பி வந்து அதை உரித்துத்தான் எடுக்கவேண்டும்.

தேர்த் திருவிழாவன்று காலை...

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்!

பொலிஸ் ஸ்டேஷனில் தொலைபேசி அலறியது.

இன்ஸ்பெக்டர் பஞ்சலிங்கம் சலிப்போடு எடுத்தார். தலை முழுகி, பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, தேர்வடம் பிடிக்கப் புறப்பட்டு நின்றார். பதவி உயர்வுக்காக வைத்த நேர்த்திக்கடன்!

"ஹலோ!"

"இன்ஸ்பெக்டரே? நான் தம்பிராசா! கோயில் மனேச்சர்! கெதியா வாங்கோ... ஒரு பிணம்!"

"பிணமோ? எங்கை?"

"தெற்கு வீதியிலை! மடத்து வாசல்லை!"

"கொலையோ?"

"ஆருக்குத் தெரியும்? தேர் இழுக்க ஏலாமல் கிடக்கு! அதைவிடப் பெரிய குற்றம் வேறை என்ன வேணும்?"

இன்ஸ்பெக்டருக்கு வேர்த்தது. கோயில் வீதியில் பிணம் கிடந்தால் சாமி அசையாது. மணி அடிக்காது. தீபம் எரியாது. அந்தப் பிணத்தைத் தொட்டவனுக்கோ துடக்கு. தலை முழுகும்வரை வடத்தின் பக்கமே போகமுடியாது!

திரும்பிப் பார்த்தார். வாங்கில் உட்கார்ந்து பாண் துண்டைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தான் கொன்ஸ்டபிள் அடைக்கலநாதன். பாசையூர்ப் பெடியன்.

"அடைக்கலம்! நீ வேதக்காரன்தானே?"

"ஞானஸ்நானம் எடுத்தனான் சேர்."

"நல்லது. நீ பிணத்தைத் தொடலாம். ஏறு ஜீப்பிலை!"

"இதுக்குத்தான் என்னைப் பொலிசிலை எடுத்தவை போல கிடக்கு!"

ஜீப் சந்தியோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் தலை... தலை... தலை! ஐயாயிரம் சனம். இருவரும் நீந்தித்தான் தெற்கு வீதிக்கு வந்தார்கள்.

சோடித்த தேர் ஒரு பக்கம். பூட்டிய மடம் மறு பக்கம். நடுவில் கொதிக்கிற மணல். அந்த மணலில், கிழிந்த சாக்கின் மேல்...

ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான்!

அறுபது வயது இருக்கும். கன்னம் ஒட்டிய முகம். உதடு வெடித்திருந்தது. சுற்றிவரப் பத்தடி தூரத்துக்கு ஒருவரும் இல்லை. பட்டு வேட்டிகளும் கூறைச் சேலைகளும் வட்டமாக ஒதுங்கி நின்றன.

வட்டத்துக்குள் ஒரே ஒரு பெண். தன் முந்தானையால் அவன் முகத்துக்கு நிழல் பிடித்தபடி ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். கடற்காற்றுக்கு மேலாகக் கத்திப் பழகிய தொண்டை. மேளமும் தோற்கும்!

"ஆர் இவ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தம்பிராசா முதலாளி ஓடி வந்தார். வெறும் மேல். இடுப்பில் சரிகைச் சால்வை. திருவிழா தொடங்கியதிலிருந்து விரதம். மணல் சுட்டதால் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றிக் குதித்தார். பார்ப்பதற்குக் காவடி ஆடுவது போலவே இருந்தது.

"கமலாவதி எண்டு பேர். கிடக்கிறது இவளின்ரை புருசன் முத்துக்குமாரு. அறுபத்து நாலாம் ஆண்டுப் புயலிலை வீடும் வள்ளமும் போன கரையார் ஆக்கள். மடத்திலை கிடந்ததுகள்..."

"இப்ப ஏன் வெளியிலை கிடக்கினம்?"

முதலாளி குதிப்பதை நிறுத்தினார். "அது... மடம் திருத்த வேலை."

"என்ன திருத்தம்?"

"பூட்டிறதே ஒரு திருத்தம்தானே! உதை விடுங்கோ. பிணத்தைத் தூக்குங்கோ. நல்ல நேரம் போகுது!"

இன்ஸ்பெக்டர் வேட்டியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு கையைக் காட்டினார். "அடைக்கலம்... போ. நாடியைப் பார்."

அடைக்கலநாதன் குனிந்து மணிக்கட்டைப் பிடித்தான்.

திடுக்கிட்டான்!

"சேர், பிணம் சுடுது!"

"வெய்யிலிலை கிடந்தா கல்லும்தான் சுடும்!"

கல் சுடும். ஆனால் கல்லுக்கு நாடி ஓடாது! விரலுக்குக் கீழே அது குதிரை போல ஓடியது. உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. அடுப்பில் காய்ந்த தகரம் மாதிரித் தோல்.

"சேர்! நாடி..."

சுரீர்!

யாரோ அவன் தொடையைக் கிள்ளினார்கள். கமலாவதி! ஒப்பாரியை ஒரு நொடி நிறுத்திவிட்டுக் காதுக்குள் சொன்னாள்:

"தம்பி... வாயைத் திறவாதை!"

"அக்கா, ஆளுக்கு உயிர் இருக்கு!"

"எனக்குத் தெரியாதே? என்ரை மனுசன்!"

"பிறகேன் செத்திட்டார் எண்டு கத்தினனீங்கள்?"

அவள் பல்லைக் கடித்தாள்.

"விடிய எழும்பினவுடனை பிசத்தத் துடங்கிட்டார். கடல் வத்துது, வலையை எடு எண்டு. உடம்பு கொதிக்குது. 'ஐயோ, சாகப்போறார்! மடத்தைத் திறவுங்கோ, கிணத்திலை ரெண்டு வாளி அள்ளி வாக்கிறன்' எண்டு போற வாற சனம் எல்லாத்தையும் கும்பிட்டன். ஒருத்தரும் நிக்கேல்லை. தண்ணீர்ப்பந்தலுக்கை கொண்டுபோய்க் கிடத்துவம் எண்டு கேட்டா, சாமி வாற வழியாம். கலைச்சுப்போட்டினம். முதலாளி சொன்னார், 'தேர் முடியட்டும், பாப்பம்' எண்டு."

"ம்..."

"'செத்திட்டார்' எண்டு ஒரே ஒருக்காக் கத்தினன். முதலாளி ஓடி வந்தார். ஐயர் ஓடி வந்தார். ஊர் வந்துது. பொலிசும் வந்து நிக்குது! உயிருக்கு வராத சனம் பிணத்துக்கு வருது தம்பி!"

அடைக்கலநாதன் சுற்றி நின்ற வட்டத்தை ஒருமுறை பார்த்தான்.

"நான் உயிர் இருக்கெண்டு சொல்லட்டே அக்கா?"

"சொல்லு. எல்லாம் 'அரோகரா' எண்டு தேருக்குப் போயிடும். இந்த மனுசன் இதிலை கிடந்து மெய்யாவே செத்துப்போவார். உன்ரை ஜீப் எங்கை நிக்குது?"

"சந்தியிலை."

"உந்தச் சனத்துக்குள்ளாலை சந்திக்குக் கொண்டுபோக முந்தி..." முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "தண்ணியும் நிழலும் உந்தக் கதவுக்கு அங்காலை இருக்கு தம்பி. பத்தே எட்டு எடுத்து வைச்சாப் போதும்!"

"என்ன அங்கை குசுகுசு?" இன்ஸ்பெக்டர் அதட்டினார்.

"துக்கம் விசாரிக்கிறன் சேர்!"

"சரி, விசாரிச்சது போதும். இது சந்தேகமான மரணம். மரண விசாரணை அதிகாரி வந்து பாக்குமட்டும் பிணத்தை ஒருத்தரும் அசைக்கக்கூடாது. சட்டம்!"

கமலாவதியின் முகம் வெளுத்தது. உயிரைக் காப்பாற்றச் சொன்ன பொய், இப்போது சட்டமாகி அவனை மணலோடு சேர்த்துத் தைத்துவிட்டது!

"அந்த அதிகாரி எப்ப வருவார்?" முதலாளி அலறினார்.

"தெல்லிப்பழைக்குப் போயிட்டார். பின்னேரம்தான்."

"பின்னேரமோ! சாமி பின்னேரமட்டும் தேரிலை இருந்து அவிஞ்சு போறதோ?"

"சாமிக்குக் குடை பிடிச்சிருக்கினம்," என்றான் அடைக்கலநாதன். "ஆளுக்கும் ஒண்டு பிடிச்சால்..."

"பிணத்துக்கு ஏன்ரா குடை?"

கமலாவதி போத்தலில் இருந்த கடைசித் தண்ணீரைத் துணியில் நனைத்து, அவன் உதட்டில் ஒற்றினாள்.

இன்ஸ்பெக்டரின் கண் சுருங்கியது. "பிணத்துக்கு ஏன் தண்ணி?"

"எங்கடை கரையிலை வழக்கம் ஐயா. கடலிலை போறவைக்கு உப்புத் தண்ணி. கரையிலை போறவைக்கு நல்ல தண்ணி."

அப்போதுதான் அது நடந்தது.

பிணம் வாயைத் திறந்தது!

"வலை... வலையை இழு..."

கூட்டம் உறைந்தது. "ஐயோ! பிணம் கதைக்குது!"

கமலாவதி வானம் பிளக்கக் கத்தினாள். "வலையைத் தேடுறியோ என்ரை ராசா! வள்ளத்தைத் தேடுறியோ! நீ போனாப் பிறகு உன்ரை குரல் எனக்குள்ளை நிண்டு கதைக்குதோ!"

"குரல் அவளிலை இருந்துதான் வந்துது," என்றார் ஒரு பட்டு வேட்டி. அவர் ஊரில் பெரிய படிப்பாளி. எல்லோரும் தலையாட்டினார்கள். கிட்டப் போய்க் குனிந்து பார்க்க மட்டும் ஒருவருக்கும் மனம் இல்லை. துடக்கு!

அடைக்கலநாதன் முத்துக்குமாருவின் நாடியைத் திரும்பப் பிடித்தான். குதிரை இடறத் தொடங்கியிருந்தது.

இனி நேரம் இல்லை!

அவன் எழும்பி, நேரே ஐயரிடம் போனான். ஐயர் தேர்ச்சில்லின் நிழலில் ஒற்றைக் காலில் நின்றார். மற்றக் காலை ஆற வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கோயில் எல்லை எதுவரை?"

"ஏன் தம்பி? மடத்து வாசற்படி மட்டும்."

"படிக்கு அங்காலை?"

"அங்காலை சாமிக்குச் சம்பந்தமில்லை. வழியிலை சாகக் கிடக்கிறவனும் ஒதுங்கத்தானே மடம்? அதாலைதான் எல்லைக்கு வெளியிலை கட்டினவை."

"அப்ப பிணம் மடத்துக்குள்ளை கிடந்தா?"

"வீதியைக் கழுவிப்போட்டுத் தாராளமா இழுக்கலாம்!"

பிறகென்ன? ஐயாயிரம் தொண்டைகள் ஒரே குரலில் அதிர்ந்தன.

"மடத்தைத் திறவுங்கோ!"

தம்பிராசா முதலாளியின் முகத்தில் இருந்த இரத்தம் எங்கோ போய்விட்டது.

"திறப்பு... பூட்டுத் திறப்புத் துலைஞ்சு போச்சு!"

ஒப்பாரி நடுவில் நின்றது.

"உங்கடை அரைஞாணிலை மினுங்கிறது என்ன முதலாளி? சலங்கையோ?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. முதலாளி இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்தினார். "இது வீட்டு அலுமாரித் திறப்பு!"

"அப்ப ஒருக்காப் போட்டுப் பாப்பமே?"

"மாட்டன்! தேர் நிண்டாலும் நிக்கட்டும்! மடம் திறபடாது!"

மனேச்சர் சொல்கிற சொல்லா அது? தேருக்காகப் பொலிசைக் கூப்பிட்டவர், பூட்டுக்காகத் தேரையே விட்டுக்கொடுக்கிறார்! இன்ஸ்பெக்டர் பஞ்சலிங்கத்தின் மூக்கு முதல் தடவையாகப் பொலிஸ் மூக்காக வேலை செய்தது.

"முதலாளி... உள்ளுக்கை என்ன கிடக்கு?"

"நி... நிழல்!"

டமார்!

அடைக்கலநாதன் காத்திருக்கவில்லை. தேர்ச் சில்லுக்குக் கட்டை அடிக்கும் கொட்டனைத் தூக்கி ஒரே போடு. மூன்று ரூபா ஐம்பது சதம் மணலில் சிதறியது!

"அடைக்கலம்! சட்டம்! பிணத்தை அசைக்கக்கூடாது!"

"அசைக்கேல்லை சேர்! அசையாமல் அப்பிடியே தூக்கிறம்!"

சாக்கின் தலைப்பக்கம் அவன். கால்பக்கம் கமலாவதி. பத்தே எட்டு. படி தாண்டியது. உள்ளே... நிழல்! சுண்ணாம்புச் சுவரின் குளிர்ச்சி! கிணற்றடி!

வாளி விழுந்தது. எழுந்தது. தலையில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, கக்கத்தில் ஒன்று. கமலாவதி ஈரச் சாக்கைச் சுற்றினாள். அடைக்கலநாதன் தொப்பியால் விசிறினான். வாளி மேல் வாளி...

வாசலுக்கு உள்பக்கம், கிணற்றடியை மட்டும் பார்த்தபடி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார் இன்ஸ்பெக்டர். "பிணத்தைக் குளிப்பாட்டிறது வீட்டுக்காரற்றை வேலை. உனக்கென்ன அவசரம்?"

பிணம் கண்ணைத் திறந்தது.

"கமலா... கடல் திரும்பி வந்திட்டுதோ?"

"ஓமப்பா," என்றாள் அவள். அவ்வளவு நேரமும் கண்ணீர் இல்லாமல் ஒப்பாரி வைத்தவள், இப்போது சத்தமில்லாமல் அழுதாள். "வந்திட்டுது. கொஞ்சம் கொஞ்சமாக் குடியுங்கோ."

"ஐயோ! பேய்!"

இன்ஸ்பெக்டர் ஒரு துள்ளல் துள்ளிப் பின்னால் விழுந்தார். விழுந்தது மெத்தென்ற இடத்தில். தார்ச்சீலையால் கட்டிய பெரிய பொதி. பொதி வெடித்து, அவர் தலையில் பச்சை, மஞ்சள், ரோசா என்று நைலோன் சேலைகள் கொட்டின!

சுவர் நெடுகப் பொதிகள். கூரை முட்டப் பொதிகள்.

"இதென்ன? மடமோ, புடைவைக் கடையோ?"

"அக்கரையிலை, இந்தியாவிலை இருந்து இரவோடை இரவா வந்த சரக்கு, சேர். சுங்கத்துக்குச் சொல்லாமல் வந்ததுகள். அதுகள் நிழல்லை இருக்க, ஆக்கள் வெய்யிலிலை," என்றான் அடைக்கலநாதன்.

இன்ஸ்பெக்டர் ஒரு ரோசாச் சேலையை முகத்திலிருந்து அகற்றினார். கோபம் முதலில் கமலாவதி மேல் பாய்ந்தது.

"நீ பொலிசை ஏமாத்தினனீ! பொய்ச் செத்தவீடு நடத்தினனீ! உன்னை..."

"மெய் சொல்லிக் கூப்பிடேக்கை ஆர் ஐயா வந்தது?"

இன்ஸ்பெக்டர் பொதியிலிருந்து எழும்பினார். திரும்பினார்.

"சரி. தம்பிராசாவைப் பிடிக்கவேணும்!"

"அரோகரா!" வெளியே தேர் அசைந்தது. வீதி கழுவியாயிற்று. வடம் நிமிர்ந்தது. சில்லு முனகியது. திடீரென்று...

ஒரு பெண்ணின் அலறல்!

"ஐயோ! மனேச்சர் விழுந்திட்டார்!"

கூட்டத்துக்குள் புகுந்து தப்பப் பார்த்தார் மனுசன். விரத வயிறு. விடியற்காலையிலிருந்து வெறுங்காலோடு வெயில். பூட்டு உடைந்த அதிர்ச்சி. தேருக்கு முன்னால் வெட்டுப்பட்டு விழுந்த வாழை மாதிரிக் கிடந்தார் தம்பிராசா முதலாளி!

"தூக்குங்கோ!" என்றார் ஒருவர்.

"உயிர் இருக்கோ?" என்றார் இன்னொருவர்.

"தெரியேல்லை... நீங்கள் ஒருக்காத் தொட்டுப் பாருங்கோவன்."

"நான் வடம் பிடிக்கிறன். நீங்கள் பாருங்கோ."

பட்டு வேட்டிகள் ஓரடி பின்வாங்கின. பிறகு இன்னோரடி. முதலாளியைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்தது. அவர் மச்சானும் வட்டத்துக்கு வெளியே. சுருட்டுக் கொட்டில் கணக்குப்பிள்ளையும் வட்டத்துக்கு வெளியே. நடுவில் கொதிக்கிற மணலும், அதன் மேல் மனேச்சரும்!

ஐயர் கையைத் தூக்கினார். தேர் மறுபடி நின்றது.

இன்ஸ்பெக்டர் வட்டத்தின் விளிம்பில் நின்று கையைப் பிசைந்தார். நேர்த்தி... பதவி உயர்வு... துடக்கு...

அவரை இடித்துக்கொண்டு ஒரு வாளி போனது. வாளியோடு கமலாவதி.

"விடணை!" என்றது ஒரு குரல். "உன்ரை மனுசனைச் சாக விட்டவன்தானே!"

"அவரும் சுடுது எண்டுதானே விழுந்து கிடக்கிறார்," என்றாள் அவள். முழு வாளியையும் முதலாளியின் தலையில் கவிழ்த்தாள். "ஐயா இன்ஸ்பெக்டர்! காலைப் பிடியுங்கோ!"

"நானோ? நான் நேர்த்தி..."

"இவர் செத்தால் ஆரை ஐயா பிடிச்சு மறியலிலை அடைப்பியள்? பொதியளையோ?"

அது போதும்! பஞ்சலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். பாய்ந்தார். இரண்டு காலையும் பிடித்தார்.

"தம்பிராசா! உம்மைக் கைது செய்யிறன்!" என்று காலைப் பார்த்துச் சொன்னார்.

மறுபடி பத்தே எட்டு. மறுபடி படி. மறுபடி கிணற்றடி. முத்துக்குமாருவுக்குப் பக்கத்தில், அதே தரையில், அதே நிழலில் கிடத்தினார்கள். வாளி விழுந்தது. எழுந்தது.

முதலாளியின் இமை துடித்தது. மேலே பார்த்தார். தாழ்வாரக் கூரை. பக்கத்தில் பார்த்தார். பிணம் அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"ஐயோ... நான் செத்திட்டனோ?"

"இன்னும் இல்லை முதலாளி," என்றாள் கமலாவதி. "செத்திருந்தால் ஊரே வந்திருக்கும்."

ஐயர் வீதியில் நின்று நீர் தெளித்தார். இரண்டாவது தடவையாக 'அரோகரா' கேட்டது. இந்த முறை தேர் நிற்கவில்லை. அது வடக்கு வீதிக்குப் போனதும் சனம் கலைந்து, ஜீப் மடத்து வாசலுக்கே வந்தது. இரண்டு நோயாளிகளையும் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். ஒருவரின் கையில் இளநீர். மற்றவரின் கையில் விலங்கு.

கமலாவதி ஏறும்போது நின்றாள். "தம்பி, நாங்கள் திரும்பி வாறதுக்குள்ளை புதுப் பூட்டு விழாதோ?"

"விழாது அக்கா. கதவு வழக்குச் சாமான். வழக்கு முடியுமட்டும் ஒருத்தரும் தொட ஏலாது."

"எப்ப முடியும்?"

"யாழ்ப்பாணத்து வழக்கு அக்கா! ஒரு வேலிக்கே மூண்டு தலைமுறை வழக்காடுறவை. இவ்வளவு பெரிய மடத்துக்கு எவ்வளவு காலம் எண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ!"

அவள் சிரித்துக்கொண்டு ஏறினாள்.

இன்ஸ்பெக்டர் மடத்து வாசலில் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். தூரத்தில், அவர் பிடிக்க வேண்டிய வடத்தை வேறு யாரோ பிடித்துக்கொண்டு போனார்கள்.

"அடைக்கலம்... மேலிடத்துக்கு என்னெண்டு அறிவிக்கிறது?"

அடைக்கலநாதன் விரல் மடித்தான்.

"செத்தவர், இரண்டு பேர். எழும்பினவர், இரண்டு பேர். கையிருப்பிலை பிணம் இல்லை. கணக்குச் சரி, சேர்! உங்கடை முழுக்கு ஒண்டுதான் பாக்கி... கிணறு உள்ளுக்கை!"